கழுத்து மூடிய சட்டை

சயந்தினி பென்டில் ஹில்லில் ரயில் ஏறி, இரண்டாவது நிலையமான செவன் ஹில்ஸில் இறங்கி வேலைக்குப் போகிறவள். அங்கே ஒரு பட்டறையில் கட்டுப்பல் செய்கிறாள். முப்பத்துமூன்று வயது. அந்த இரண்டு நிலையத் தூரத்துக்குள் யாராவது அவளைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்காத நாள் குறைவு. காரணம் அவளுடைய உடை. கழுத்தை முழுதாக மூடும் லேஸ் வைத்த சட்டை. தோளில் உப்பி மணிக்கட்டில் ஒடுங்கும் கை. கணுக்கால் வரை கறுப்புப் பாவாடை. அதற்குக் கீழே நாடா கட்டிய பூட்ஸ். நூறு வருடத்துக்கு முந்திய தையல் வெட்டுகளை இணையத்தில் தேடி எடுத்தும், நியூட்டவுனில் கறுப்பு உடுத்தித் திரியும் சிநேகிதிகளிடம் கொஞ்சம் கேட்டும், எல்லாவற்றையும் தானே தைத்துக்கொண்டாள்.

தமிழ்க் கடையில் அன்ரிமார் அவளைக் கண்டால், ஏதோ சாவீட்டிலிருந்து வருகிறாள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி, "ஆரும் மோசம் போட்டினமோ பிள்ளை?" என்று கேட்பார்கள்.

"இல்லை அன்ரி, கத்தரிக்காய் வாங்க வந்தனான்" என்பாள் சயந்தினி.

நரேன் திருச்சிக்காரன். ஒரு வங்கியின் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவன் தொழில். ஒரே நீலத்தில் ஏழு டீ-ஷர்ட் வைத்திருந்தான். பென்டில் ஹில் மேடையில் அவளிடம் முதன்முதலாகப் பேசியபோது, "நாடகத்துல நடிக்கிறீங்களா?" என்று கேட்டான். "இல்லை, வேலைக்குப் போறன்" என்றாள். அந்தப் பதிலில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாததால் மறுநாளும் வந்து பேசினான். ஒன்றரை வருடத்தில் கலியாணம் பேசி முடிந்தது.

மண்டபத்தைப் பற்றி யோசிக்க எதுவும் இருக்கவில்லை. சயந்தினியின் அப்பா அருந்தவன் இருபத்தாறு வருடம் சிட்னியில் பஸ் ஓட்டியவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. நாளுக்கு நாலு தடவை வீட்டில் இருந்து, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துநீரை மாற்ற வேண்டும். தூரப் பயணம் முடியாது. நடையும் குறைந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். அவர்களுடைய வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது மேற்குச் சிட்னித் தமிழ்ப் பண்பாட்டுக் காப்பு மன்றத்தின் மண்டபம். வாசல் கதவைத் திறந்து வீதியைக் கடந்தால் மணவறை. மன்றத்தின் ஆயுள் உறுப்பினர்களில் ஒன்பதாவது அவர்.

மண்டபத்துக்கான விண்ணப்பம் பதினொரு பக்கம் இருந்தது. பத்தாம் பக்கத்தில் விதி பதினான்கு:

'மண்டபத்தில் நடைபெறும் திருமணங்களில் மணமக்கள் தமிழர் பாரம்பரிய உடையில் மட்டுமே தோன்றுதல் வேண்டும். எது பாரம்பரியம் என்பதை உடைப் பண்பாட்டு உபகுழு தீர்மானிக்கும். உபகுழுவின் தீர்மானம் எழுத்தில் கிடைக்கும்வரை மணமக்கள் உடையணிந்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள்.'

நரேன் அதைத் தொழில் முறையில் இரண்டு தடவை வாசித்தான். "அப்போ இப்போதைக்கு நாம ரெண்டு பேரும்..."

"ஓம்" என்றாள் சயந்தினி. "கையெழுத்தைப் போடுங்கோ."

உபகுழுவின் செயலாளர் சந்திரகலா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்பவர். மன்றத்தின் நாற்பத்திரண்டு விதிகளும் அவருக்கு மனப்பாடம். அவர் உ-3 என்ற படிவத்தைக் கொடுத்தார். மணமக்களைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. எல்லாம் உடையைப் பற்றியே. உடையின் பெயர், உடை பிறந்த இடம், உடையின் தாய்மொழி.

"சட்டைக்குத் தாய்மொழி என்னெண்டு எழுதுறது அன்ரி?"

"வீட்டில என்ன கதைக்கிறியளோ அதை எழுதும்."

சயந்தினி தமிழ் என்று எழுதினாள்.

கலியாணத்துக்குக் கூறைச்சேலைதான் கட்டப் போகிறாள். அதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. அதற்குள் போடும் சட்டையில்தான் சிக்கல். ஒரு பழைய புகைப்படக் களஞ்சியத்தில் அவள் கண்ட படம் அது. 1911, யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்று, பெயர் தெரியாத ஒரு மணப்பெண். கூறைச்சேலைக்குள் கழுத்து மூடிய லேஸ் சட்டை, உப்பிய கை, காலில் சப்பாத்து. அந்தப் பெண் கமராவைப் பார்த்த பார்வை, 'ஓம், நான்தான் இப்படி உடுத்தினனான், இப்ப என்ன?' என்று கேட்பதுபோல இருந்தது. சயந்தினி அந்தச் சட்டையை நான்கு மாதமாகத் தைத்தாள். நரேனுக்கும் அதே காலத்துக் கோட்டு ஒன்று தைத்தாள். வேட்டி, மேலே கறுப்புக் கோட்டு, தலைப்பாகை. அந்த நாளில் மதராஸ் வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போன கோலம். முதலில் தயங்கிய நரேன், கோட்டுக்கு உள்ளே ஐந்து பை இருப்பதைக் கண்டதும் அதைக் கழற்ற மறுத்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தின் பக்க அறையில் உடைப் பரிசோதனை. சட்டை ஒரு தையல் பொம்மையில் போடப்பட்டு மேசைக்கு முன்னால் நிறுத்தப்பட்டது. சயந்தினிக்கு உட்கார ஓரத்தில் ஒரு கதிரை. உடைதான் விண்ணப்பதாரர் என்பதால், அவள் பேசுவதானால் அதன் சார்பில் பேசலாம் என்று சொல்லப்பட்டது.

உபகுழுத் தலைவர் தேவராஜா ஓய்வு பெற்ற பொறியியலாளர். வாழ்நாள் முழுக்க வடிகால் வேலை பார்த்தவர். அவர் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பண்பாடு எண்டது ஒரு குழாய். முன்னோர் அந்தப் பக்கத்தால ஊத்திறார்கள், நாங்கள் இந்தப் பக்கத்தால ஏந்திறம். நடுவில ஒரு கீறல் விழுந்தால் முழுக்க ஒழுகிப் போகும். முப்பது வருசமாக நான் ஒழுக்குப் பார்க்கிறவன். இந்தச் சட்டையில எனக்கு ஒழுக்குத் தெரியுது."

அடுத்தவர் பிரதீப்குமார், கோயம்புத்தூர்க்காரர், ஒரு நிறுவனத்தில் திட்ட மேலாளர். சுவரில் வரைபடம் ஒன்றைக் காட்டினார். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டங்கள். "அதாவது, பாரம்பரியத்தை நாம அளவிட முடியாதுன்னு ஒரு தப்பான கருத்து இருக்கு. அளவிடலாம். நாலு அளவுகோல் வெச்சிருக்கோம். தமிழ்த்தன்மை, மங்கலம், கழுத்து, பார்த்தவுடனே கல்யாணம்னு தோணுதா. மொத்தம் நூறு. ஐம்பது எடுத்தா பாஸ்."

மூவரும் சட்டையைச் சுற்றி வந்தார்கள். சந்திரகலா முதுகுப் பக்கத்தில் நின்று, கொண்டைக்கடலை அளவில் வரிசையாக இருந்த துணிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இருபத்திரண்டு. எண்ணி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. தேவராஜா இருமியதும் எடுத்தார்.

சட்டைக்கு முப்பத்தொரு மதிப்பெண் கிடைத்தது. கழுத்துக்குச் சுழியம்.

"போன கிழமை ஒரு பிள்ளைக்கு அனுமதி குடுத்தனீங்கள். அவவின்ர சட்டைக்கு முதுகே இல்லை, ரெண்டு நாடா மட்டும்தான்" என்றாள் சயந்தினி.

"எண்பத்தெட்டு" என்றார் சந்திரகலா, பார்க்காமலே.

"முதுகு எங்கட பாரம்பரியத்தில எப்பவும் திறந்த விசயம்" என்றார் தேவராஜா. "கழுத்து மூடினது வெள்ளைக்காரர்."

நரேனின் உடைக்கு வேறு விதமான சிக்கல். வேட்டிக்கு நூறு, கோட்டுக்குச் சுழியம், சராசரி ஐம்பது. பிரதீப்குமார் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். தீர்மானம் இவ்வாறு எழுதப்பட்டது: 'மணமகன் இடுப்புக்குக் கீழே அங்கீகரிக்கப்படுகிறார்.'

சயந்தினி 1911-ஆம் ஆண்டுப் படத்தை மேசையில் வைத்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இதில சட்டை என்ன நிறம்?" என்று கேட்டார் தேவராஜா.

"கறுப்பு வெள்ளைப் படம் அங்கிள். தெரியாது."

"உம்மடது கத்தரிப்பூ நிறம். இது சாம்பல். ஆதாரமும் உடையும் பொருந்தேல்லை."

விடயம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பதினேழு நாள் கழித்துக் கடிதம் வந்தது. படம் உண்மையானது என்பதை உபகுழு மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டது. ஆயினும் 'மிகையான பழமை' காரணமாக உடை நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்யலாம். அதற்கு, அத்தகைய சட்டையை அணிந்து மணம் முடித்தவர் ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

"1911-ல கல்யாணம் பண்ணவங்க நேர்ல வரணுமா?" என்றான் நரேன்.

"அடையாள அட்டையோட" என்றாள் சயந்தினி. அவள் சிரிக்கவில்லை. கலியாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

மேன்முறையீட்டுக்கு அருந்தவனே போனார். நரேன் நாற்காலியைத் தள்ளினான். வீதியைக் கடக்க ஒரு நிமிடம் எடுத்தது. தேவராஜாவும் அவரும் ஒரே வருடத்தில் சிட்னிக்கு வந்தவர்கள். இந்த மண்டபத்துக்கு ஒரே நாளில் வெள்ளை அடித்தவர்கள்.

"தேவா, பிள்ளை நாலு மாசமாத் தைச்சது" என்றார் அருந்தவன்.

"எனக்கு விளங்குது அருந்தவன். ஆனால் நான் தனி ஆளாய்க் கதைக்கேலாது. உபகுழுவாகத்தான் கதைக்கலாம்." தேவராஜா எழுந்து நின்றார். உபகுழுவாகப் பேசும்போது அவர் எப்போதும் எழுந்து நிற்பார். "பாரம்பரியத்துக்கு ஒரு தொடக்கம் வேணும். கண்டபடி பின்னால போய்க்கொண்டிருந்தால் கடைசியில சட்டையே இல்லாத காலத்துக்குப் போய் நிக்க வேண்டிவரும். அதனால ஆழமாக ஆராய்ஞ்சு 1987 எண்டு முடிவெடுத்திருக்கிறம்."

"1987-ல என்ன நடந்தது அங்கிள்?" என்று கேட்டான் நரேன்.

"என்ர கலியாணம். அல்பம் இருக்கு. அறுபத்திநாலு படம், எல்லாம் கலர். எந்தச் சந்தேகத்துக்கும் அதைத்தான் நாங்கள் பார்க்கிறது."

வீட்டுக்குத் திரும்பியதும் அருந்தவன் மருந்துநீர்ப் பையை மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சயந்தினி பக்கத்தில் இருந்தாள். வேலை உடுப்பு மாற்றவில்லை. கைவிரலில் பல் அச்சின் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

"பிள்ளை" என்றார் அவர். "ஒரு நாள்தானே. சட்டைதானே."

அவள் விரலில் இருந்த தூளைப் பாவாடையில் துடைத்தாள்.

"நீ உடுக்கிறதில எனக்கு வெக்கமில்லை. உனக்குத் தெரியும். நீ பஸ்ஸில ஏறேக்க மற்ற டிரைவர்மாருக்குக் காட்டினனான், அங்க பார், என்ர மகள் எண்டு. ஆனால் வேற மண்டபம் எண்டால் நான் வரேலாது."

"தெரியும் அப்பா."

அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு சாதாரணச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். தங்கச் சரிகை, அரைக்கை, பின்கழுத்தில் குஞ்சம். கண்ணாடியில் தெரிந்த பெண் அழகாகத்தான் இருந்தாள். யாரோ ஒருத்தியின் கலியாணத்துக்குப் போகிறவளைப்போல இருந்தாள். கடைக்காரப் பெண், "இப்பதான் அக்கா நீங்கள் பொம்பிளை மாதிரி இருக்கிறியள்" என்று பாசத்தோடு சொன்னாள். சயந்தினி அந்தச் சிறிய அறைக்குள் இருந்த முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்து, சட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

நரேன் அதைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு, "நானும் கோட்டைக் கழட்டிடறேன், நீ மட்டும் தனியா எதுக்கு" என்றான்.

சயந்தினி மதிய இடைவேளையில் சந்திரகலாவை அழைத்து, சாதாரணச் சட்டையே போடுவதாகச் சொன்னாள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "பிள்ளை, நீர் விதி முப்பத்தொண்டு வாசிச்சனீரோ?"

"இல்லை அன்ரி."

"ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. மாறுவேடப் போட்டி. மண்டபத்தை மாறுவேடப் போட்டிக்கு எடுத்தால் உடைப் பரிசோதனை இல்லை. போட்டியாளர் என்ன உடுப்பும் போடலாம். மேடையில 'தான் ஏற்ற வேடத்துக்குப் பொருத்தமான நிகழ்ச்சி' ஒண்டு செய்யலாம். என்ன நிகழ்ச்சி எண்டு விதியில இல்லை."

"தாலி கட்டலாமோ?"

"நேர எல்லை மட்டும் இருக்கு. ரெண்டரை மணித்தியாலம்." சந்திரகலா குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொத்தானெல்லாம் கையாலயோ துணி சுத்தினனீர்?"

"ஓம் அன்ரி."

"அதுதான். ப-7 படிவத்தை நிரப்பி அனுப்பும்."

தேவராஜா இதை முழுமனதோடு வரவேற்றார். விதிப்படி நடப்பது எதையும் அவர் ஒருநாளும் எதிர்த்ததில்லை. ஆனால் மாறுவேடப் போட்டி என்றால் அதன் விதிகளும் முழுதாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்றார். ஆகவே கலியாண நாளான செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலை, மண்டப வாசலில் விருந்தினருக்குச் சந்தனமும் கற்கண்டும் கொடுத்த கையோடு, நெஞ்சில் ஓர் எண் அட்டையும் குத்தினார்கள். மண்டபத்துக்குள் நுழையும் அனைவரும் போட்டியாளர். பிரதீப்குமார் வாசலில் நின்று ஒவ்வொருவரின் வேடத்தையும் பதிவுசெய்தார்.

ஐயருக்கு எண் மூன்று.

"சாமி, நீங்க என்ன வேஷம்?"

"ஐயர்."

"அது சரி. வேஷம்?"

ஐயர் யோசித்தார். பென்ரித்தில் இன்னொரு கலியாணம் பன்னிரண்டு மணிக்கு இருந்தது. "ஐயர் வேஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நடுவர் வெளியாளாக இருக்க வேண்டும் என்பதும் விதி. சந்திரகலா தன் பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஜூன் என்ற அம்மையாரை அழைத்து வந்திருந்தார். எழுபது வயது. பச்சைக் கம்பளிச் சட்டை. எடுத்த காரியத்தைச் சரியாகச் செய்கிறவர். "கலியாணம் நிஜமா?" என்று கேட்டார். நிஜம்தான், ஆனால் போட்டிக்குள்ளே நடக்கிறது என்றார் சந்திரகலா. ஜூன் தலையாட்டி அதைக் குறித்துக்கொண்டார்.

சயந்தினி முதலில் வேறு சேலையில் வந்து, பிறகு கூறை மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்தாள். கத்தரிப்பூ நிறச் சட்டையின் கழுத்து விளிம்பில் வெள்ளை லேஸ் நின்றது. தலைப்பாகையும் கோட்டுமாக நரேன் அவளைப் பார்த்தபடி இருந்ததில், ஐயர் இரண்டு தடவை அவன் முழங்கையைத் தட்ட வேண்டியிருந்தது. கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. முன்வரிசையில் அருந்தவன் சக்கர நாற்காலியில் இருந்தபடி அட்சதையை எறிந்தார். பாதி அவருடைய மடியிலேயே விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. நடுவர் ஜூன் கைக்குட்டையை எடுத்தார்.

இரண்டு மணித்தியாலம் இருபத்தைந்து நிமிடத்தில் நிகழ்ச்சி முடிந்தது. ஜூன் மேடையேறினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பிரதீப்குமார் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"நூற்றுப் பதினெட்டுப் போட்டியாளர்களையும் பார்த்தேன்னு சொல்றாங்க. கஷ்டமான வேலைன்னு சொல்றாங்க. எண் ஒண்ணு, எண் ரெண்டு, அதாவது மணமகள், மணமகன், இவங்களைப் போட்டியிலிருந்து நீக்கியிருக்கறதாச் சொல்றாங்க."

அருந்தவன் நிமிர்ந்தார்.

"ஏன்னா," பிரதீப்குமார் ஜூனிடம் குனிந்து மறுபடி கேட்டுக்கொண்டு வந்தார், "இது மாறுவேடப் போட்டி. அவங்க ரெண்டு பேரும் அவங்க சொந்த உடுப்புல வந்திருக்காங்க. பார்த்தாலே தெரியுதாம். அந்தப் பொண்ணு தினமும் இப்படித்தான் இருப்பாங்கன்னு நினைக்கிறேன், மாறுவேஷம் போட்ட மாதிரி ஒரு இடத்துலகூடத் தெரியலைன்னு சொல்றாங்க."

சயந்தினி நரேனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் பரிசு, எண் நாற்பத்தொண்ணு. மகாராஜா வேஷம். தலையில இறகு, இடுப்புல பட்டி, முனை சுருண்ட செருப்பு வரைக்கும் ஒண்ணையும் விடலையாம்."

எண் நாற்பத்தொன்று யாரென்று எல்லோரும் தேடினார்கள். இரண்டாம் வரிசையின் நடுவில், தங்க நிற ஷெர்வானியும் சிவப்புத் தலைப்பாகையுமாகத் தேவராஜா உட்கார்ந்திருந்தார். போன வருடம் மகனின் கலியாணத்துக்கு எடுத்த உடுப்பு. அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்துக்கும் அவர் வேறு உடுத்ததில்லை.

"நான் போட்டியில இல்லை" என்றார் அவர்.

"எண் குத்தின எல்லாரும் போட்டியாளர்" என்றார் சந்திரகலா, கூட்டத்துக்குப் பொதுவாக. "முப்பத்தொண்டு, உபபிரிவு ஆறு."

விதி அப்படி இருந்ததால் தேவராஜா எழுந்தார். சுருண்ட செருப்பு மேடைப் படியில் ஒரு தடவை தடுக்கியது. கைதட்டல் நன்றாகவே இருந்தது. அருந்தவன்தான் எல்லோருக்கும் பிந்தி நிறுத்தினார். ஜூன் கிண்ணத்தைக் கொடுத்து, இதை எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார். தேவராஜா ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் பரிசு அது என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார்.

முடிவை அன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிரதீப்குமார் எழுதினார்: 'மணமகள், மணமகன் இருவரும் தமது சொந்த உடையில் வந்தமையால் போட்டியிலிருந்து விலக்கப்பட்டனர்.' தலைவர் என்ற இடத்தில் தேவராஜா கையெழுத்திட்டார். உபகுழுவின் பதிவேட்டில் ஓர் உடை அதை உடுத்தவருக்கே சொந்தம் என்று ஏற்கப்பட்டது அதுவே முதல் தடவை.

சாப்பாட்டு நேரத்தில் அருந்தவனை மருந்துநீர் மாற்ற எதிர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டு, நரேன் கோட்டைக் கழற்றாமலே திரும்பி வந்து சயந்தினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தேவராஜா பாயசக் கிண்ணத்தை ஒரு கையிலும் பரிசுக் கிண்ணத்தை மறு கையிலும் பிடித்தபடி அவர்களுடைய மேசைக்கு வந்தார். உட்காரவில்லை. நரேனின் கோட்டையே பார்த்தார். தையலைப் பார்த்தார். உள்பையை விரித்துக் காட்டச் சொன்னார். நரேன் காட்டினான்.

"அஞ்சு பையோ?"

"அஞ்சு, அங்கிள்."

தேவராஜா தொண்டையைச் செருமினார். நின்றுகொண்டுதான் பேசினார், ஆனால் உபகுழுவாக அல்ல.

"பிள்ளை, இது மாதிரி ஒண்டு என்ர உடம்புக்குச் சரிவருமோ?"

"வரும் அங்கிள். அளவு எடுக்க வேணும்."

"அதுக்குப் படிவம் ஏதும்..."

"ஒண்டுமில்லை" என்றாள் சயந்தினி. தைக்கிறவர்கள் எங்கே போனாலும் கொண்டு திரிவதுபோல அவளுடைய கைப்பையிலும் ஒரு அளவுநாடா இருந்தது. அதை எடுத்து உதறி விரித்துக்கொண்டு எழுந்தாள். "கையை மட்டும் தூக்குங்கோ."

தேவராஜா இரண்டு கிண்ணங்களையும் மேசையில் வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினார்.